நிழற்படமும் நடுநிலையும்

'போட்டோ' என்னும் மேலைச் சொல்லுக்குத் தமிழர் வழங்கிய பெயர்கள் மூன்று: புகைப்படம், ஒளிப்படம், நிழற்படம். முதலாவது மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. எனினும் புகைக்கும் இப்படத்துக்கும் உறவு யாதெனக் கேட்டால் விடையிறுப்போர் அரியர். இரண்டாவது, மூலச் சொல்லின் பொருளை உள்ளவாறே உணர்த்துவது. நமக்கு உவப்பானது மூன்றாவதே. அதற்குக் காரணம் உண்டு. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், இக்கலையைப் பற்றி ஒரு சிறு நூல் யாத்தார்கள். நிழற்படம் எடுப்பது படைத்தலன்று, இறைவன் படைத்த ஒன்றின் நிழலைச் சிறைப்படுத்தலே என்பது அன்னாரின் முடிபு. 'ஹப்ஸுழ்ழில்' என்பது அவர்கள் ஆண்ட சொல். தமிழில் 'நிழற்படம்' என்று முதன்முதல் சொன்னவர் எவராயினும், கெய்ரோவில் அமர்ந்திருந்த அம்மேதையின் கருத்தைத் தாமறியாமலே தொட்டுவிட்டார்.

இம்முன்னுரைக்கு ஒரு நிகழ்ச்சி காரணம். பழனி மலைத்தொடரின் ஊர்களிலே வாழும் இளைஞர் சிலர் ஒன்றுகூடி, நிழற்படப் போட்டி ஒன்றை நடத்தினர். தொழிலாகப் படம் எடுப்போர் கலந்துகொள்ளலாகாது. மலைத்தொடரின் எல்லைக்குள் எடுத்த படமாக இருத்தல் வேண்டும். எந்த ஆண்டில் எடுத்ததாயினும் ஏற்கப்படும். படத்துடன் இடமும் நாளும் நான்கு வரி விளக்கமும் தரல் வேண்டும். இவையே நிபந்தனைகள். நடுவர் மூவர். ஒருவர் வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மற்றொருவர் நெடுங்காலம் ஸ்டுடியோ நடத்தியவர். மூன்றாமவராக நம்மை அழைத்திருந்தனர். விளக்க வரிகளின் தமிழைத் திருத்துவதற்கு ஓர் ஆசிரியர் வேண்டுமென்றுதான் அழைத்தனர் போலும். போன பின்னர் மதிப்பெண் தாளும் நம் கையில் தரப்பட்டது.

நாம் புறப்படும் செய்தியறிந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "என்ன ஹஜ்ரத், நாற்பது ஆண்டு கிதாபு ஓதிக்கொடுத்துவிட்டு இப்போது படத்துக்கு மார்க்குப் போடப் போகிறீர்களாமே?" என்றார். கேலிதான், எனினும் கேலிக்குள்ளே ஒரு கேள்வி இருந்தது. அக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டே மேற்செல்லல் முறை.

உருவங்களைப் பற்றி நம் சட்ட அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. கையால் வரைந்த உருவமும் நிழற்படமும் ஒன்றே என்றோர் உளர். வேறு என்றோரும் உளர். இந்தியத் துணைக்கண்டத்து உலமாக்களுள் பலர் முதற்கூற்றினர். எகிப்திய அறிஞர் பலர் இரண்டாவது கூற்றினர். ஆனால் மலை, மரம், ஏரி, முகில் ஆகிய உயிரற்றவையும் ஓரிடத்தில் நிற்பவையும் பற்றி வழக்கு எழவில்லை. படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வழியையே காட்டினார்கள் என்பது ஹதீஸ் ஓதியோர் அறிந்தது. அன்றியும், இருட்டறையொன்றின் சிறு துளை வழியே புகும் ஒளி, எதிர்ச்சுவரில் வெளியுலகைத் தலைகீழாய்க் காட்டும் விந்தையை முறைப்படி ஆராய்ந்தவர் யார்? பஸராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் அல்லரோ? கதிரவன் பிறைபோல் குறைந்து நின்ற வேளையில் துளை வழியே விழுந்த பிறையுருவை அளந்து எழுதிய அப்பெருமகனின் வழித்தோன்றலே இன்று நம் பிள்ளைகளின் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி. மதீனாவை 1861இலும் மக்காவை 1880இலும் முதன்முதல் படம் எடுத்தவரும் முஹம்மது ஸாதிக் பே என்னும் எகிப்திய அதிகாரியே. ஆகவே இக்கலை நம் வீட்டு வாசலுக்கு அந்நியமாய் வந்து நிற்பதன்று.

மதிப்பிடும் அளவுகோல்

எந்தக் கலையையும் மதிப்பிடுவோர்க்கு அளவுகோல் ஒன்று வேண்டும். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பது அளவுகோலன்று. அது நாக்கின் சுவை. ஸ்டுடியோக்காரரிடம் ஓர் அளவுகோல் இருந்தது: ஒளி அளவு, கூர்மை, சட்டத்துள் பொருள்கள் அமைந்த முறை. வனத்துறையாளரிடம் மற்றொன்று: இந்த விலங்கு இங்கு உண்டா, இந்த மரம் இம்மாதத்தில் பூக்குமா? நம்மிடம் இருந்ததோ மதரஸாவில் கற்றதும் தமிழாசிரியரிடம் கற்றதும்தாம். அவற்றையே எடுத்துக்கொண்டோம்.

ஹதீஸ் கலையிலே ஒரு செய்தியை இரு வழியில் சோதிப்பர். கொண்டு வந்தவர் யார், எவரிடம் கேட்டார், இடையில் யாரேனும் விடுபட்டாரா என்பது 'ஸனது' பற்றிய சோதனை. செய்தியின் உள்ளடக்கம் பொருந்துகிறதா என்பது 'மத்ன்' பற்றிய சோதனை. கொண்டு வந்தவரிடம் நேர்மையும் வேண்டும், பிசகாமல் காக்கும் திறனும் வேண்டும். நேர்மையிருந்தும் திறன் குறைந்தவரின் செய்தி 'ளயீப்' என்னும் வலுவற்ற செய்தியாகும். திறனிருந்து நேர்மையில்லாதவரின் செய்தியோ அதனினும் இழிந்தது. நிழற்படத்துக்கு இதனைவிடப் பொருத்தமான சோதனை வேறில்லை என்பது நம் கருத்து. மங்கலாய் எடுத்த மெய்ப்படம் ளயீப்; தெளிவாய்ச் செய்த பொய்ப்படம் மவ்ளூஉ.

அரபு அணியிலக்கணமாகிய பலாகாவிலிருந்து இரண்டு சொற்களை எடுத்தோம். சூழலுக்கு ஏற்ற அளவில் பேசுவதே சொல்வன்மை. வேண்டாதது புகுந்தால் அது 'ஹஷ்வு', அதாவது பயனில்லாத நிரப்பல். பலர் சொல்லித் தேய்ந்த உவமை 'முப்ததல்'. தமிழிலிருந்து எடுத்தவை மூன்று: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள்; விலங்கும் மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள்; மாந்தர் உள்ளத்து நிகழ்வு உரிப்பொருள். பழனி மலை தூய குறிஞ்சி நிலம். பொதினி என்று பழந்தமிழர் போற்றியதும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்டதும் இம்மலைப் பகுதியே. அந்நிலத்தின் படத்தைக் குறிஞ்சியின் இலக்கணத்தால் அளப்பது பிழையாகாது.

கண்முன் விரிந்த படங்கள்

கோடைக்கானலில் ஓர் அறையில் அமர்ந்தோம். வெளியே பனிமூட்டம் சாளரத்தை வெள்ளையடித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், பெயர் மறைத்து எண்ணிட்டு, ஒவ்வொன்றாய்த் திரையில் வந்தன. அவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கு ஆராய்வோம்.

முதலாவது, கோடைக்கானல் ஏரி. விடியற் பனி, அசையாத நீர், கரையோரம் கட்டிய படகுகள், நீரில் அவற்றின் எதிருரு. குறை சொல்ல இடமில்லை. அதுவே அதன் குறை. இதனை எத்தனையோ நாட்காட்டிகளில் கண்டிருக்கிறோம். பலாகாக்காரர் முப்ததல் என்பது இதனையே. நிலவை முகத்துக்கு உவமை சொன்ன முதற்கவிஞன் கலைஞன். ஆயிரமாவது கவிஞன் படியெடுப்பவன். ஏரியைப் படம் எடுக்கலாகாது என்பதன்று நம் கருத்து. 1863இல் வேர் ஹென்றி லெவிஞ்ச் என்னும் ஆங்கில அதிகாரி ஓடைநீரைக் கரையிட்டுத் தடுத்து உருவாக்கிய ஏரி இது. இயற்கையென்று நாம் எண்ணும் இவ்வழகு மனிதன் கைவேலை. அக்கரையை, மதகை, படகைத் துடைக்கும் தொழிலாளியை எவரேனும் நோக்கினாரா என்று தேடினோம். ஏரிப் படங்கள் பல வந்தன. அவற்றுள் ஒன்றிலும் இல்லை.

இரண்டாவது, கடைத்தெருவில் காட்டுமாடு. அதிகாலை, தேநீர்க் கடையின் கதவு பாதி இறங்கியிருக்கிறது, அதன் கீழே கடைக்காரரின் இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன, தெரு நடுவே கரிய மலைபோல் மாடு நிற்கிறது. பார்த்தவுடன் சிரித்தோம், பின்னர் சிந்தித்தோம். காடு குறுகியதனால் மாடு ஊருக்குள் வந்ததா, ஊர் பெருத்ததனால் காட்டுக்குள் கடை வந்ததா? சொல்லாமற் சொல்லும் படம். முதலும் கருவும் உரியும் ஒருங்கே அமைந்தது. ஆனால் இதே பொருளில் மற்றொரு படமும் வந்திருந்தது. மாட்டின் முகம் திரை முழுவதும் நிறைந்து, தலை தாழ்ந்து, மூச்சுக்காற்றின் ஆவி தெரிந்தது. வனத்துறையாளர் அதனைத் தள்ளிவைத்தார். "கைப்பேசியால் இவ்வளவு பெரிதாய் எடுக்க வேண்டுமானால் பத்தடிக்குள் நின்றிருக்க வேண்டும். தலை தாழ்ந்திருப்பது பாய்வதற்கு. இதற்குப் பரிசு கொடுத்தால் அடுத்த ஆண்டு நாம் ஒரு பிள்ளையின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போக வேண்டியிருக்கும்" என்றார். நாம் மறுக்கவில்லை. படத்தின் அழகை மட்டுமே பார்ப்பது நடுவர் கடமையன்று. நாம் தரும் பரிசு எதனைச் செய்யத் தூண்டும் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, மலைவாழ் பளியர் குலத்து முதியவர் ஒருவரின் முகம். கறுப்பு வெள்ளை. சுருக்கங்கள் ஒவ்வொன்றும் உளி கொண்டு செதுக்கியவைபோல் தெரிந்தன. தலைப்பு: 'வறுமை'. ஸ்டுடியோக்காரர் உயர்ந்த மதிப்பெண் இட்டார். நமக்கு மனம் ஒப்பவில்லை. படத்தில் வறுமை இல்லை. முதுமையும் கூர்மையான கண்களும்தாம் உள்ளன. வறுமை தலைப்பில் மட்டுமே உள்ளது; எடுத்தவர் கொண்டுவந்து ஒட்டியது அது. தேனெடுக்கத் தெரிந்த, நூறு மூலிகைக்குப் பெயர் சொல்லத் தெரிந்த ஒரு மனிதரை ஒற்றைச் சொல்லில் ஏழையாக்கிவிடுவது எளிது. விளக்க வரியிலே அவர் பெயரும் இல்லை. இசைவு பெற்றதாகக் குறிப்பும் இல்லை. நம் வீட்டு மூதாட்டி ஒருவரை அயலார் ஒருவர் கேளாது படம் எடுத்து 'வறுமை' எனத் தலைப்பிட்டுச் சுவரில் மாட்டினால் நாம் பொறுப்போமா? நமக்குப் பொறாதது அவர்க்கும் பொறாது.

நான்காவது, மன்னவனூர்ப் புல்வெளியின் மேலே நள்ளிரவு வானம். பால்வழி ஆறுபோல் ஓடுகிறது; கீழே புல்லின் நுனிவரை தெளிவு. ஓரமாய் விளக்கம் எழுதியிருந்தார்: "வானத்தை ஒரு முறையும் நிலத்தை ஒரு முறையும் எடுத்து இணைத்துள்ளேன், இடமும் கோணமும் ஒன்றே." இருளில் ஒரே வெளிப்பாட்டில் இரண்டும் தெளிவாய் விழுவது கடினம் என்றார் ஸ்டுடியோக்காரர். எடுத்தவர் ஒளிக்காமல் உரைத்துவிட்டமையால் இதனை நாம் ஏற்றோம். ஏன் ஏற்றோம் என்பது அடுத்து வருவதிலே விளங்கும்.

ஐந்தாவது, பூம்பாறையில் ஒரு வீட்டு வாயில். மூன்று பெண்கள் மலைப்பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கின்றனர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. ஒருத்தி எதையோ சொல்கிறாள். மற்றொருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருக்கிறாள். மூன்றாமவள் கைவேலையை நிறுத்தவில்லை. பின்னே படிப்படியாய் இறங்கும் வயல்கள். படம் சற்றே சாய்ந்திருக்கிறது. வலப்பக்க ஓரத்திலே நீலநிறப் பிளாஸ்டிக் குடம் ஒன்று பாதி வெட்டுண்டு நிற்கிறது. ஸ்டுடியோக்காரர், "அந்தக் குடத்தை நகர்த்திவிட்டு எடுத்திருக்கலாமே!" என்றார். ஹஷ்வு என்றே நாமும் முதலில் எண்ணினோம். இக்குடத்தைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

நாம் சறுக்கிய இடம்

ஆறாவது படம் வந்தபோது அறையில் பேச்சு நின்றது. குறிஞ்சி! 2018இல் மலை பூத்தபோது எடுத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலரும் அப்பூ, சரிவு முழுவதையும் ஊதாக் கம்பளமாய்ப் போர்த்தியிருந்தது. மேலே பைன் மரங்கள். மரங்களின் ஊடே சாய்ந்து விழும் கதிர்கள். கம்பளம் மரத்தடி வரை ஏறிச் சென்றது. தமிழ் கற்றவன் குறிஞ்சி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு இளகுவான். நாம் ஒரு கணமும் தயங்காது முழு மதிப்பெண்ணையும் இட்டோம். ஸ்டுடியோக்காரரும் அவ்வாறே. இளைஞர்கள் தனியே நடத்திய பொதுமக்கள் வாக்கெடுப்பிலும் இதுவே முதலிடம் பெற்றிருந்தது.

வனத்துறையாளர் மட்டும் பேசாதிருந்தார். சிறிது நேரத்துக்குப் பின் கேட்டார்: "பைன் மரத்தடியில் குறிஞ்சி எப்படி வந்தது?" குறிஞ்சி, சோலைக் காடுகளை அடுத்த திறந்த புல்வெளியின் செடி. பைன் தோப்போ மனிதன் கொண்டுவந்து நட்டது. கோடைக்கானலின் பைன் காடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரையன்ட் என்பார் நட்டதிலிருந்து தொடங்கியது. உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோல் மூடிய நிழலில் வேறு செடி செழிப்பது அரிது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு புதரின் ஒடிந்த கிளை ஒன்று இருந்தது. அதே கிளை, அதே ஒடிவு, பத்தடி தள்ளி மீண்டும் இருந்தது. அதற்கப்பால் மீண்டும் இருந்தது. ஒரு கைப்பிடிப் பூவைக் கணினியிலே பிரதி செய்து சரிவெங்கும் பரப்பியிருந்தார்.

இப்னுல் ஹைதம் தம் பார்வையியல் நூலிலே, கண்ணால் அறியப்படும் பண்புகள் இருபத்திரண்டு என வகுத்தார். அவற்றுள் ஒளியும் நிறமும் மட்டுமே கண்ணின் தூய உணர்வால் அறியப்படுவன. தொலைவு, வடிவு, அளவு, அழகு முதலிய பிற யாவும் அறிவின் தொழிலும் கலந்து அறியப்படுவன என்றார். கடைக்கண் வீச்சால் காண்பது வேறு, உற்று நோக்கிக் காண்பது வேறு எனவும் பிரித்தார். நாம் இதனை மாணவருக்கு எடுத்துரைத்தவர்கள்தாம். எனினும் அன்று நாம் மதிப்பெண் இட்டது வீச்சுப் பார்வையால். நிறம் கண்ணை நிறைத்தது. அறிவு தொழிலை மறந்தது. ஆராய்ந்து தவறிய தீர்ப்பாளருக்கும் ஒரு நற்கூலி உண்டு என்பது நம் மார்க்க மரபு. ஆராயாமலே தவறியவருக்கு அக்கூலியும் இல்லை என்பதை எண்ணி வெட்கினோம்.

மாற்றம் எதுவரை?

இவ்விடத்தில் ஒரு நியாயமான வினா எழும். படத்தைத் திருத்துவதே குற்றமா? அன்று. இக்கலையின் குழந்தைப் பருவத்திலேயே திருத்தம் இருந்தது. 1858இல் மதுரையைப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப், சென்னை அரசின் படப்பிடிப்பாளர். தம் காகித எதிர்ப்படிவங்களின் வானத்திலே முகில்களைக் கையால் தீட்டினார். அக்கால இரசாயனப் பூச்சு நீலத்தை மிகுதியாய் ஏற்றதால், வானம் வெறும் வெள்ளையாய்ப் போய்விடும். கருவியின் குறையை நிரப்பக் கை நீண்டது. இன்றும் ஒளியைக் கூட்டுதலும் குறைத்தலும், சாய்வை நேராக்குதலும் கருவியின் குறையை நிரப்புதலே. எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு ஒப்பானது அது.

குற்றம் வேறோரிடத்தில் தொடங்குகிறது. ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்றொரு சொல் உண்டு. நேரில் கேளாததை நேரில் கேட்டதுபோல் தோன்றச் சொல்லி, இடையிலுள்ள குறையை மறைப்பது. அவ்வழக்கமுடைய அறிவிப்பாளர் நம்பகமானவராயின், அவர் வெளிப்படையாய் "நான் கேட்டேன்" என்று சொன்னால் ஏற்பர். மழுப்பினால் ஏற்கத் தயங்குவர். மன்னவனூர் வானத்தையும் குறிஞ்சிக் கம்பளத்தையும் பிரிக்கும் கோடு இதுவே. முன்னவர் இணைத்தார், சொன்னார். பின்னவர் நிறைத்தார், மறைத்தார்.

உலகப் பெரும் போட்டிகளும் இக்கோட்டில் இடறியுள்ளன. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சார்ந்த ஆண்டின் வனவிலங்குப் படப்பிடிப்பாளர் போட்டியில், வேலியைத் தாண்டும் ஓநாய் 2009ஆம் ஆண்டுக்கான முதற்பரிசு பெற்றது. அது பழக்கிய விலங்காக இருக்கக்கூடும் என்று கண்டு, 2010 ஜனவரியில் நடுவர் அதனை நீக்கினர். 2017ஆம் ஆண்டுப் பரிசுபெற்ற எறும்புண்ணியின் படம், பாடம் செய்து வைத்த உடலை வைத்து எடுத்ததென 2018இல் நீக்கப்பட்டது. 2023இல் போரிஸ் எல்டாக்ஸன் என்னும் ஜெர்மானியர், செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கிய உருவத்தைச் சோனி உலகப் போட்டிக்கு அனுப்பினார். அது ஒரு பிரிவில் வென்றது. தாமே உண்மையை வெளியிட்டுப் பரிசை மறுத்தார். முதலிரண்டும் தத்லீஸ் எனின், மூன்றாவது மவ்ளூஉ: ஸனதே இல்லாத செய்தி. காட்சியும் இல்லை, நின்று கண்டவரும் இல்லை.

நம் உமறுப்புலவர் அரபு நாட்டைக் கண்டவரல்லர். எனினும் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்திலே அந்நாட்டைத் தமிழ் வயலும் வாய்க்காலுமாய்ப் பாடினார். எவரும் அதனைப் பொய்யென்பதில்லை. கவிஞர் உள்ளத்தால் கண்டு பாடுகிறார் என்பது பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே உள்ள உடன்பாடு. நிழற்படத்தின் உடன்பாடு வேறு. "நான் அங்கு நின்றேன், என் முன் இது இருந்தது" என்பதே அதன் முதல் வாக்கு. அவ்வாக்கை விட்டுவிட்டால் அது ஓவியமாகலாம், கற்பனையாகலாம், அழகாயும் இருக்கலாம். சாட்சி ஆகாது.

சாட்சியின் மதிப்பை அறிய வேண்டுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. கோடைக்கானலிலேயே 1899இல் அமைந்த கதிரவன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாகக் கதிரவனை நாள்தோறும், வானம் திறந்தபோதெல்லாம், படம் எடுத்துச் சேர்த்த இடம் அது. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கு எடுத்த நிறமாலைப் படங்களைக் கொண்டே கதிரவப் புள்ளிகளில் வளி வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அப்படங்கள் பார்வைக்கு அழகற்றவை: ஒரு வட்டம், சில கறைகள். அக்கறைகளை எவரேனும் அழகு கருதித் துடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? இன்றைய ஆய்வாளர் அவற்றைத் தேடி எடுப்பது, எடுத்தவர் எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை என்ற நம்பிக்கையினால்தானே?

இளைஞரும் மூலப்படமும்

மூலப்படத்தை அனுப்புமாறு குறிஞ்சிப் படத்துக்காரருக்குச் சொல்லியனுப்பினோம். மறுநாள் அவரே நேரில் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், அமைதியானவர். மறுக்கவில்லை. "ஹஜ்ரத், நான் போனபோது பூ கொஞ்சந்தான் இருந்தது. குறிஞ்சி என்றால் மலையே பூத்திருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவர்கள் ஏமாறக்கூடாதென்று நிறைத்தேன்" என்றார்.

"தம்பி, அவர்கள் ஏமாறக்கூடாதென்று அவர்களை ஏமாற்றினீரோ?" என்றோம். அவர் தலை தாழ்ந்தது. பின்னர் கைப்பேசியைத் திறந்து மூலப்படத்தைக் காட்டினார்.

வாசகர்களே, அப்படத்தை நாம் மறக்கவியலவில்லை. சரிவின் நடுவே ஒரு சிறு திட்டாய்க் குறிஞ்சி. மூன்று பக்கமும் பைன் கன்றுகள் புல்வெளிக்குள் இறங்கி வந்துகொண்டிருக்கின்றன. ஒடிந்த கிளையொன்று முன்னே நிற்கிறது. எஞ்சிய புல் எஞ்சிய பூவைத் தாங்கி நிற்கும் காட்சி. பழனி மலையின் புல்வெளிகளை அயல்நாட்டு மரங்கள் எவ்வாறு விழுங்கி வருகின்றன என்பதைப் பக்கம் பக்கமாய் எழுதினாலும் இப்படிச் சொல்லவியலாது. வனத்துறையாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை அனுப்பியிருந்தால் என் முழு மதிப்பெண்ணும் இதற்குத்தான்" என்றார். அவ்விளைஞர் தம்மிடம் இருந்த முதற்பரிசைத் தாமே அழித்துக் கம்பளமாக்கிவிட்டார்.

மூலப்படத்தை இப்போது ஏற்கலாமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். நமக்கும் ஆசை இருந்தது. ஆயினும் காலம் கடந்தபின் ஒருவருக்குக் கதவு திறந்தால், உண்மையாய் நேரத்தில் வந்தவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி அது. நீக்கினோம். பொதுமக்கள் வாக்கில் வென்ற படத்தை நடுவர் நீக்கியதில் சிலருக்கு வருத்தம் உண்டாயிற்று, "மக்கள் விரும்பியதை மறுக்க நீங்கள் யார்?" என்றும் கேட்டனர். மக்கள் விரும்பியது குறிஞ்சியை. அவர்களுக்குக் காட்டப்பட்டது குறிஞ்சியன்று. உண்மை தெரிந்தபின் மீண்டும் கேட்டாலன்றி அது அவர்கள் விருப்பமாகாது என்று விடையிறுத்தோம்.

குடம் சொன்ன சான்று

முதற்பரிசு பூம்பாறைப் படத்துக்குச் சென்றது. காட்டுமாட்டுக் கடைத்தெருவுக்கு இரண்டாவது. மன்னவனூர் வானத்துக்கு மூன்றாவது. பெயர்களைத் திறந்தபோது, பூம்பாறைப் படத்தை எடுத்தவள் பள்ளி மாணவி என்றறிந்தோம். சிரிப்பை அடக்கும் பெண் அவள் தாயார். இசைவு பெற்றாளா என்னும் கேள்விக்கே அங்கு இடமிருக்கவில்லை.

அந்த நீலக் குடத்தைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்தோம். இரண்டாம் நாள் மீண்டும் நோக்கியபோதுதான் நமக்கு விளங்கியது. குடத்தின் விளிம்பு ஈரமாயிருக்கிறது. அதைச் சுற்றித் தரையும் ஈரம். நீர் சுமந்து வந்து இறக்கி வைத்த கையோடு அமர்ந்து பூண்டு பிரிக்கிறார்கள். காலை முதல் ஓயாத உழைப்பின் நடுவே பிறந்த சிரிப்பு அது. குடத்தை நகர்த்தியிருந்தால் படம் சுத்தமாகியிருக்கும். சிரிப்பின் விலை தெரியாமற் போயிருக்கும். நாம் ஹஷ்வு என்றது நிரப்பலன்று, சான்று. பாதி வெட்டுண்டிருப்பது மட்டும் குறையே. ஓரடி வலப்புறம் திரும்பியிருக்கலாம் என்று அவளுக்கு எழுதினோம். பாராட்டோடு குறையையும் எழுதுவது கற்பவருக்குச் செய்யும் மரியாதை.

போட்டி நடத்துவோர்க்குச் சில சொற்கள். தமிழ் விக்கிப்பீடியர் 2011 நவம்பர் முதல் 2012 பிப்ரவரி வரை நடத்திய ஊடகப் போட்டியைப்போல், அறிவுக்குப் பயன்படும் படங்களைத் திரட்டும் முயற்சிகள் நம்மிடையே முன்னரே நடந்துள்ளன. நம் ஊர்ப் போட்டிகளும் அழகோடு பயனையும் அளவாகக் கொள்ளலாம். பெயரை மறைத்தே மதிப்பிடுக. மூலப்படத்தைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குக. ஒரே அமர்வில் தீர்ப்பளிக்காது ஓரிரவு இடைவெளி விடுக. நடுவருள் ஒருவரேனும் அந்நிலத்தையும் உயிர்களையும் அறிந்தவராய் இருக்கட்டும். அவர் இல்லையேல் நாம் பொய்க்குப் பரிசளித்து ஊர் திரும்பியிருப்போம். தோற்றவர் ஒவ்வொருவருக்கும் காரணத்தை இரண்டு வரியில் எழுதுக. காரணம் சொல்லாத தீர்ப்பு கற்பிப்பதில்லை.

ஊர் திரும்பியதும் அப்பெரியவர், "என்ன ஹஜ்ரத், யாருக்கு மார்க்கு?" என்றார். "எங்களுக்குத்தான் முதலில் குறைந்தது" என்றோம். அவருக்கு முழுக்கதையும் சொன்னோம். கேட்டு முடித்தவர், "அந்தப் பையனின் உண்மையான படத்தை எங்கே பார்க்கலாம்?" என்றார். போட்டியின் படங்கள் தொங்கிய கூடத்திலே அதற்கு இடமிருக்கவில்லை. ஆனால் குறிஞ்சி மீண்டும் மலரும் ஆண்டு 2030. அவ்விளைஞர் அந்தச் சரிவுக்கே போய், அதே இடத்தில் நின்று, இருப்பதை இருந்தவாறே எடுத்து வருவதாக நமக்கு வாக்களித்திருக்கிறார். இறைவன் நாடினால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.